புயலுக்கு முன் வீட்டுக் குழாய்களைத் தயார்செய்வது எப்படி?
யாழ்ப்பாணத்து வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான கைநூல்

ஐப்பசி பிறந்ததும் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகும். அது சூறாவளியாகுமா, முல்லைத்தீவுப் பக்கம் திரும்புமா, நாகப்பட்டினத்துக்குப் போய்விடுமா என்று ஒழுங்கை முழுவதும் ஆராய்ச்சி நடக்கும். 2008 நவம்பரில் நிஷா வந்தது. பெயர் பங்களாதேஷ் வைத்தது. 2020 டிசம்பரில் புரெவி. பெயர் மாலைதீவு வைத்தது. 2024 நவம்பரில் பெங்கல். பெயர் சவூதி அரேபியா வைத்தது. 2025 நவம்பரில் டித்வா. பெயர் யேமன் வைத்தது. பெயர் வைத்த நாடுகள் நான்கு. தண்ணீர் வந்தது எங்கள் வளவுக்கு.

ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்தபின் ஒரே கேள்விதான் எழுகிறது: கிணத்துத் தண்ணி ஏன் மணக்குது, கக்கூஸ் ஏன் பொங்குது, மோட்டர் ஏன் ஓடுதில்லை? இவை தற்செயலாக நடப்பவை அல்ல. முறையான முன்னேற்பாடு இல்லாமல் ஒரு வீட்டின் தண்ணீரை இந்த அளவுக்குக் கெடுக்க எந்தப் புயலாலும் முடியாது. கீழே உள்ள ஆலோசனைகள் குடாநாட்டின் பெரும்பாலான வளவுகளில் பல மாரிகளாகப் பரீட்சித்துப் பார்க்கப்பட்டவை. எழுத்தில் மட்டும் இதுவரை வரவில்லை.

தேவையான பொருட்கள்

சீமெந்து: முற்றம் முழுவதையும் மூடுகிற அளவு.
மலக்குழி: ஒன்று. அடியில் சீமெந்து போடாதது.
கிணறு: ஒன்று. யாருடைய குழிக்காவது அருகில் இருந்தால் நல்லது.
ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி: சிலாப்பின் மேல், எதனோடும் கட்டாமல்.
தண்ணீர் மோட்டர்: ஒன்று. தரையோடு தரையாக.
கனடாவில் ஒரு தம்பி.
ஒரு பிளம்பரின் தொலைபேசி எண். அவர் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படி 1: சித்திரையிலேயே முற்றத்தை மூடுங்கள்

புயலுக்கான ஆயத்தம் வெயில் காலத்தில் தொடங்கவேண்டும். முற்றத்தில் மண் தெரிவது வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டின் அடையாளம். கேற்றிலிருந்து கிணத்தடி வரை சீமெந்து போடுங்கள். வசதி இருந்தால் இன்ரலொக் கல் பதித்து, இடுக்குகளையும் பூசிவிடுங்கள். மாமரத்தைச் சுற்றி விட்டிருக்கும் வட்டத்தையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது கூரை. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும். புயல் நாளில் 100 மில்லிமீற்றர் என்பது பெரிய மழையே அல்ல. அவ்வளவு தண்ணீரையும் பீலியால் ஏந்தி, பைப்பால் இறக்கி, மதிலுக்கு வெளியே ஒழுங்கைக்குள் விட்டுவிடுங்கள். முன்வீட்டுக்காரரும் அதையே செய்வார். ஒழுங்கை நிரம்பியதும் இருவரும் படலையில் நின்று பிரதேச சபையைத் திட்டலாம்.

சிலர் இதற்கு விஞ்ஞானம் பேசுவார்கள். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலுக்கு ஓடும் வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் எழும்புவது. வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாங்கள் தை முதல் புரட்டாதி வரை அள்ளிக் குடிப்பது அதைத்தான் என்பார்கள்.

இன்னும் ஒரு படி போய் கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதியையும் இழுப்பார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். இந்தக் கணக்கை எழுதிய கைபன் ஒரு ஒல்லாந்தப் பொறியியலாளர். கோட்டை கட்டி யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் ஒல்லாந்தர் இதை எங்களுக்குச் சொல்லவில்லை; ஊரை விட்டுப்போய் ஏறக்குறைய நூறு வருடம் கழிந்தபின்தான் கண்டுபிடித்தார்கள். ஆகவே அவர்கள் பேச்சை நம்பிச் சீமெந்தை உடைக்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வைகாசியில் கிணறு உவர்த்தால் போத்தல் தண்ணி வாங்கலாம்.

படி 2: சாத்திரப்படி குழி வெட்டுங்கள்

வீடு கட்டும்போது கிணறு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில். மலக்குழி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். இதை மாற்றக்கூடாது என்று மேசனாரும் சொல்லுவார், பெரியப்பாவும் சொல்லுவார்.

இரண்டு பரப்புக் காணி ஒன்று சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 74 அடி வரும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்ற வாய்ப்பாட்டின்படி உங்கள் வளவுக்குள் எல்லாம் சரி. ஆனால் உங்களுக்குக் கிழக்கே இருப்பவரும் அதே சாத்திரத்தைப் படித்தவர். அவரும் தன் குழியைத் தன் வாயு மூலையில்தான் வெட்டியிருப்பார். உங்கள் ஈசானமும் அவருடைய வாயு மூலையும் ஒரு மதிலின் இரண்டு பக்கம். உங்கள் கிணற்றுக்கும் அவர் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து பார்க்கவேண்டாம், மனம் கசந்துவிடும். உங்கள் குழி மேற்கு வீட்டுக் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்பதை அவர்கள் அளந்து பார்க்காமல் இருந்தால் சரி.

குழியின் அடியை ஒருபோதும் பூசாதீர்கள். அடி பூசாத குழியின் அருமை பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

“அண்ணை, எங்கட குழி இன்னும் நிறையேல்லை. ஒருக்காகூடப் பவுசர் கூப்பிடேல்லை.”

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். பத்து வருடமாக ஐந்து பேர் போனது எங்கே போனது என்று கேட்பது நாகரிகம் அல்ல. மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகும். சுண்ணக்கல்லில் அந்தத் தாமதம் இல்லை. வெடிப்பும் துவாரமும் கிடைத்த இடமெல்லாம் ஓடும். கோடையில் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே கொஞ்சம் உலர்ந்த கல் இருக்கும். மாரியில் நீர்மட்டம் ஏறிக் குழிக்குள்ளேயே வந்துவிடும். புயல் அன்று குழியும் கிணறும் ஒரே தண்ணீர். ஒரு சதம் செலவில்லாமல், எந்தப் பைப்பும் போடாமல் கிடைக்கும் இணைப்பு இது.

நிலத்துக்குள் விட்டது நிலத்துக்குள் நிற்காது என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனத்தை இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. எண்ணெய் கறுப்பு, கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் வழக்கானது. உங்கள் குழியிலிருந்து போவது நிறமற்றது. நீதிமன்றம் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 3: வாய்க்காலைக் கவனியுங்கள், அதாவது, கவனிக்காதீர்கள்

பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் கனகாலம். இப்போது அதன்மேல் உங்கள் மதில் நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் துண்டில் சொப்பிங் பைகள், இளநீர்க் கோம்பைகள், போன வருடத்துப் பம்பர்ஸ். இதைப் புரட்டாதியில் துப்புரவாக்கப் போனால் அயலவர்கள் உங்களைத் தேர்தலில் நிற்கப்போகிறவர் என்று நினைப்பார்கள். விட்டுவிடுங்கள்.

குளங்களும் அப்படியே. யாழ்ப்பாண நகருக்குள் மழைநீரைத் தாங்கவும் நிலத்துக்குள் இறக்கவும் குளங்களை வைத்தார்கள். ஆரியகுளத்தைத் தூர்வாரிச் சுற்றுக்கட்டுக் கட்டி 2021-இல் திறந்தபோது ஊர் முழுவதும் போய்ப் படம் எடுத்தது. உங்கள் குறிச்சிக் குளத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குள் ஒரு லோட் மண் கொட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது லோடில் அது காணி. மூன்றாவதில் அதற்கு ஒரு உறுதி.

“பெய்கிற மழை எல்லாம் கடலுக்குப் போகுதே” என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு ஆறுதல். ஆனையிறவுக் கடலேரியில் மழைநீரை மறித்து நன்னீராக்கிக் குடாநாட்டுக்குத் திருப்பலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954-இல் திட்டம் வரைந்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அதற்குப் பெயரும் வந்தது. 70 வருடம் கடந்தும் அது முழுமையாக முடியவில்லை. நாடே அவசரப்படாத ஒரு காரியத்தில், உங்கள் பீலித் தண்ணியைக் கிணற்றடியில் ஒரு ஊறுகுழிக்குள் விடுவதற்கு நீங்கள் மட்டும் ஏன் அவசரப்படவேண்டும்?

படி 4: மூன்று நாளுக்கு முன், கனடாவிடம் ஆலோசனை கேளுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் சிவப்பு எச்சரிக்கை விட்டவுடன் ஸ்காபரோவிலிருந்து அழைப்பு வரும்.

“அண்ணா, பேஸ்மென்ற் பம்ப் வேலை செய்யுதோ எண்டு பாத்தனீங்களோ?”

“எங்களுக்கு ஏதடா பேஸ்மென்ற்? மூண்டடி தோண்டினால் கல்லு.”

“அப்ப மெயின் வால்வைப் பூட்டிவிடுங்கோ.”

மெயின் வால்வைத் தேடி வீட்டைச் சுற்றி வாருங்கள். உங்கள் வீட்டின் மெயின் வால்வு ஐந்து அடி விட்டத்தில் வட்டமாக, மேலே திறந்தபடி, கிணத்தடியில் இருக்கிறது. அதைப் பூட்ட முடியாது என்று தம்பிக்குச் சொல்லவேண்டாம்; பாவம், அவனுக்கும் வெள்ளம் தெரியும். 2024 யூலை 16 அன்று ரொறன்ரோவில் 100 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான மழைதான் பெய்தது. நெடுஞ்சாலையில் கார்கள் மூழ்கின, நிலவறைகளுக்குள் சாக்கடை ஏறியது. அங்கே சாக்கடைக் குழாயில் ஒருவழி வால்வு பூட்டுவதற்கு மாநகரமே மானியம் கொடுக்கிறது. தண்ணீர் வெளியே போகலாம், திரும்பி வரமுடியாது என்பதுதான் அந்த வால்வின் வேலை. யாழ்ப்பாணத்திலும் கக்கூஸ் குழாய்க்கு அப்படி ஒன்று பூட்டலாம். ஆனால் அது மண்ணுக்குள் புதைவது. கலியாண வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அந்தக் காசுக்குக் குளியலறையில் இத்தாலி மாபிள் பதித்தால் ஊருக்கே தெரியும்.

தம்பி அனுப்பும் காசில் சிலாப்பின் மேல் சிசிரிவி ஒன்றையும் பூட்டுங்கள். உங்கள் முற்றத்தில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது என்பதை உங்களுக்கு முன்பே ஸ்காபரோ அறிந்துகொள்ளும்.

படி 5: ஒரு நாளுக்கு முன், தாங்கியும் மோட்டரும்

தாங்கியைக் காலியாக விடுங்கள். ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிறைந்தால் உள்ளே ஒரு தொன் தண்ணீர். எந்தக் காற்றாலும் அசைக்க முடியாது. காலியானால் இரண்டு பேர் தூக்கக்கூடிய பிளாஸ்ரிக் கூடுதான். புயலிரவில் அது சிலாப்பை விட்டுக் கிளம்பி, தன்னோடு எஸ்-லோன் பைப்பையும் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வளவுத் தென்னையில் போய்த் தங்கும். காலையில் அதைக் கேட்டு வாங்கப்போகும்போது பல வருடம் பேசாமலிருந்த அயலவரோடு பேசும் வாய்ப்புக் கிடைக்கும்.

நிறைத்து, மூடியை இறுக்கி, கயிற்றால் கட்டி வைத்தால் இந்த வாய்ப்பு இல்லை. மேலதிகமாக, கறன்ட் இல்லாத மூன்று நாட்களுக்கு வீட்டில் தண்ணீரும் இருந்துவிடும். அதன்பின் எதைப்பற்றி முறைப்பாடு செய்வது?

மோட்டர் கிணற்றுக்கட்டின் அடியில், தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. புயல் வந்ததற்காக அதைக் கழற்றி உயரத்தில் வைப்பது மரியாதைக் குறைவு. வெள்ளம் ஏறியபின் ஈரக் கையோடு போய் சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அந்த ஒரு காரியத்தை மட்டும் இந்தக் கைநூல்கூட ஊக்குவிக்காது. வாசகர்கள் உயிரோடு இருந்தால்தான் அடுத்த மாரிக்கும் ஆலோசனை சொல்லலாம்.

வீட்டுப் பரணில் தேடினால் ஒரு வாளியும் கயிறும் கிடைக்கும். அவை அம்மம்மாவுடையவை. 1990-களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் அது தோட்டத்துக்கு. உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் பிழிந்த ஊர் இது. ஆனாலும் தண்ணீர் இல்லை என்று ஒரு வீடும் ஒரு நாளும் நிற்கவில்லை. துலாவும் கப்பியும் கையும் இருந்தன. இன்று துலா இல்லை, கப்பியைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார், கிணற்றுக்கு மேல் கம்பிவலை போட்டுப் பூட்டாயிற்று. வலையின் திறப்பு ஸ்காபரோவில் இருக்கலாம். கறன்ட் நின்ற அந்த நிமிடத்தில் 20 அடிக் கிணற்றில் தண்ணீர் தளும்ப, மேலே நின்று போத்தல் தண்ணிக்குக் கடைக்கு ஆள் அனுப்புவதுதான் முன்னேற்றம்.

படி 6: அன்றிரவு

கொமட்டிலிருந்து “குளுக், குளுக்” என்று சத்தம் வரும். பயப்படவேண்டாம். குழி நிறைந்து, குழாயிலுள்ள காற்றைத் தண்ணீர் தள்ளுகிறது. அடுத்துத் தண்ணீரே வரும். அது உங்கள் வீட்டுத் தண்ணீர்தான். போனது திரும்பி வருகிறது.

இந்தச் சத்தம் கேட்டதும் சிலர் ஒரு பொலித்தீன் பைக்குள் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கொமட்டுக்குள் இறுக்கி வைப்பார்கள். குளியலறைத் துவாரத்தின் மேலும் ஒரு மணல்மூட்டை வைப்பார்கள். குசினித் தொட்டியின் அடைப்பானைப் போட்டு அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பவர்களும் உண்டு. செலவில்லாத வேலை, பத்து நிமிடத்தில் முடியும், பலனும் தரும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

நீங்கள் செய்யவேண்டியது, திரும்பத் திரும்பத் தண்ணீர் இழுத்து ஊற்றிப் பார்ப்பது. நிறைந்த குழிக்குள் மேலும் ஊற்றினால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை குடாநாடு முழுவதும் உண்டு. இறங்காதபோது பிளம்பருக்கு அழையுங்கள். அவர் வீட்டு கொமட்டும் அந்த நேரத்தில் குளுக், குளுக் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

படி 7: வெள்ளம் வடிந்த மறுநாள்

கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் கட்டுவரை வந்திருக்கும். கோடையில் எட்டாத தண்ணீர் இப்போது கையால் அள்ளலாம். “நல்ல தெளிஞ்ச தண்ணி” என்று ஒரு செம்பு அள்ளிக் குடியுங்கள். நெருப்புக்காய்ச்சல் கிருமிக்கும் செங்கமாரிக் கிருமிக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை, உவர்ப்பும் இல்லை. தண்ணீரின் தெளிவை அவை ஒருபோதும் கெடுப்பதில்லை.

குளோரின் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் படலையில் மறியுங்கள். “குளோரின் போட்டால் தேத்தண்ணி மணக்கும்” என்று சொல்லுங்கள். வயிற்றோட்டம் வந்தால் தேத்தண்ணியே குடிக்க முடியாது என்று அவர் பதில் சொல்லுவார். அதற்கு, எங்கள் தாத்தா இந்தக் கிணற்றைக் குடித்துத்தான் 90 வயது வரை இருந்தார் என்று முடியுங்கள். தாத்தா காலத்தில் வீட்டைச் சுற்றிப் பத்துக் குழிகள் இருக்கவில்லை என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள் படலையைச் சாத்திவிடுங்கள்.

அடுத்து, இரண்டு குதிரைவலு மோட்டரை வாடகைக்கு எடுத்துக் கிணற்றை அடிவரை இறையுங்கள். சுற்றிலும் நிலம் நீரில் ஊறி நிற்கும்போது கிணற்றை மட்டும் வெறுமையாக்கினால், வெளித் தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் பழைய கட்டு உள்ளே சரியும். சரியாவிட்டாலும், அசுத்தமான அயல் தண்ணீரே மறுபடி ஊறி நிரம்பும். கரையோரக் கிணறானால் கீழேயிருந்து உப்பு மேலே எழும்பும். முதலில் குளோரின் போட்டு, சொன்ன நேரம் பொறுத்து, சுற்றியுள்ள நீர்மட்டம் இறங்கியபின் கொஞ்சங் கொஞ்சமாக இறைப்பது ஆறுதலாக வேலை செய்பவர்களுக்கு உரியது.

கடைசியாக, வெறுங்காலோடு வெள்ளத்துக்குள் இறங்கி வாய்க்காலைத் தோண்டுங்கள். புரட்டாதியில் செய்யவேண்டிய வேலையைச் செய்யச் சரியான நேரம் இதுதான் என்று எல்லோருக்கும் தோன்றும். இந்த இடத்தில் கைநூல் சற்றுக் குரலைத் தாழ்த்துகிறது. 2024 டிசம்பரில், பெங்கல் வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே போகப் போதும். நீண்ட சப்பாத்துப் போடவேண்டும். வெள்ளத்துக்குள் இறங்கியே ஆகவேண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கவேண்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இதில் பகிடி இல்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. முதலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவருவதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பயிருக்கே போதாத தண்ணீர் என்றார்கள். பிறகு கடலையே குடிப்பது என்று முடிவாகி, வடமராட்சி கிழக்குத் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய வேலை, நல்ல வேலை. ஆனால் கடலிலிருந்து உப்பைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும்; அதற்குப் பணமும் வேண்டும். ஒவ்வொரு மாரியும் உப்பில்லாத தண்ணீரை உங்கள் கூரையிலேயே இலவசமாகக் கொட்டுகிறது. அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, கடலிலிருந்து உப்பை நீக்கித் திரும்ப வாங்குகிறோம். இந்தச் சுற்றுவட்டத்தில் யாருக்காவது வேலை கிடைக்கிறது அல்லவா?

கேள்வி: தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களாமே?

பதில்: ஆம். சென்னையில் பல இடங்களில் கிணற்று நீர் ஏறியது. பராமரிப்பை விட்ட இடங்களில் பிறகு குழாய்கள் காட்சிக்கு நின்றன. கட்டாயமாக்கினால் பைப் வரும். வருடத்துக்கு ஒருமுறை பீலியில் இலை அள்ளுவதற்கு வீட்டில் ஒரு ஆள் மனம் வைக்கவேண்டும். அதற்குச் சட்டம் எழுதத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை.

கேள்வி: நிலாவரைக் கிணறு வற்றாதாமே? எங்கள் கிணறும் அப்படித்தானா?

பதில்: நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். உங்கள் கிணற்றின் கதையும் அதுதான். வற்றாது, ஆனால் எதைக் கொண்டு நிறைந்திருக்கும் என்பது நீங்கள் எவ்வளவு இறைக்கிறீர்கள், எவ்வளவு மழையை உள்ளே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கைநூலைப் பின்பற்ற மறுப்பவர்களுக்கு

ஊருக்கு ஒருவர் இருவர் அடம்பிடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் செய்யும் காரியங்களையும் நேர்மைக்காகக் குறிப்பிடவேண்டும்.

முற்றத்தில் பாதியையாவது மண்ணாக விடுகிறார்கள். பீலித் தண்ணீரில் முதல் மழையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கல்லும் மணலும் நிரப்பிய ஊறுகுழிக்குள் இறக்குகிறார்கள். அந்த ஊறுகுழியை மலக்குழியிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். மலக்குழியின் அடியையும் பக்கத்தையும் பூசி, நிறைந்தால் பவுசர் கூப்பிட்டுக் காசு கட்டுகிறார்கள். புதிதாக வெட்டுவதானால் தங்கள் கிணற்றைப் பார்ப்பதோடு மதிலுக்கு அப்பாலும் எட்டிப் பார்த்து, அயலவரிடம், “உங்கட கிணறு எங்க இருக்கு அக்கா?” என்று கேட்கிறார்கள். கிணற்றுக்கட்டை வெள்ளம் ஏறாத உயரத்துக்குக் கட்டி, சுற்றிச் சாய்வாகச் சீமெந்து போடுகிறார்கள். முற்றத்தில் சீமெந்து தேவைப்படுகிற ஒரே இடம் அதுதான். புரட்டாதியில் ஒழுங்கைக்காரர் நாலு பேரைச் சேர்த்து வாய்க்காலைத் துப்புரவாக்குகிறார்கள்.

எச்சரிக்கை வந்ததும் தாங்கியை நிறைத்துக் கட்டுகிறார்கள். குடிக்கிற தண்ணீரை மூடிய கான்களில் தனியாக எடுத்துவைக்கிறார்கள். மோட்டரைக் கழற்றி உயரத்தில் வைத்து, அதன் மின்னிணைப்பை நிறுத்துகிறார்கள். வாளிக்கும் கயிற்றுக்கும் ஒரு ஆணியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளத்தின்பின் பரிசோதகர் வந்து குளோரின் போட்டு, சரி என்று சொல்லும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கிறார்கள். ஆபத்தானால் 117-க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்கிறார்கள்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு குளியலறை மாபிளின் விலையை எட்டாது. ஆனால் ஒரு வளவுக்காரர் மட்டும் செய்தால் அரைப் பலன்தான், ஏனென்றால் சுண்ணக்கல்லுக்கு மதில் தெரியாது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்லதாக இருப்பது பக்கத்து வீட்டுக் குழியின் கையில் இருக்கிறது. அவர்களுடையது உங்கள் குழியின் கையில். ஆகவே இந்தப் புரட்டாதி முடிவதற்குள் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். இரண்டு வளவிலும் எந்தக் குழி எந்தக் கிணற்றுக்கு எத்தனை அடி என்று சேர்ந்தே அளந்து பாருங்கள். எந்தக் குழியை முதலில் பூசுவது என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள்.